பேரிக்காய்க் கொப்லரின் இரண்டாம் துண்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. இந்தக் கதையில் எனக்கு உண்மையாகத் தெரிந்தது ஐந்து நிமிடம்தான். மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு.

அந்த ஐந்து நிமிடம் இது. போன ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, லுணுகலை டவுனில் பதுளை பஸ்ஸுக்காக நிற்கிறேன். மழை பிடித்துக்கொண்டது. பக்கத்திலிருந்த பேக்கரிக்குள் ஒதுங்கினேன். சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால் மீன் வைத்த ஒரு மாலு பணிஸ் வாங்கிக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளே பாண் சுடும் போறணைப் பக்கமிருந்து கடைக்காரர் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே ‘நானா’ என்பார்கள்) ஓர் அலுமினியத் தட்டைத் துணியால் பிடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். காத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது.

“நானா, யாரு இத கலக்கச் சொன்னது?”

“கலக்காம எப்பிடித் தங்கச்சி வேகும்? அடியில மா, மேல பழம், அப்பிடியே வச்சிட்டுப் போயிட்டீங்க. மறந்திட்டீங்க போலன்டு நான்தான் நல்லாக் கலக்கி வச்சேன்.”

அவள் அழத் தொடங்கினாள். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், வளர்ந்த பொம்பளை, ஒரு தட்டு மாவுக்காக நடுக்கடையில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். கடைக்காரர் கையைப் பிசைந்தார். எனக்கு வாயில் பணிஸ். அந்த நேரம் பார்த்து பஸ் வந்து தொலைத்தது. ஏறிவிட்டேன்.

ஏன் ஏறினேன் என்று வீடுவரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அந்தத் தட்டில் அப்படி என்ன இருந்தது?

2

கதையின் ஆரம்பம் என்று எழுதி வெட்டியவை:

[மலை முகடுகளைப் பனி மெல்ல மூட, கொழுந்துக் கூடைகளோடு பெண்கள்]

பனி வேண்டாம். தோட்டத்துக் கதை என்றாலே பனியில் ஆரம்பிக்க வேண்டுமென்று யார் சட்டம் போட்டது?

[கண்ணீரின் சுவை என்ன என்று அந்தத் தட்டுக்குத் தெரியும், ஏனெனில்]

சீ. இதை என் மனைவி படித்துவிட்டு, “தட்டுக்கு வாய் இருக்கா?” என்று கேட்டாள்.

ஆனால் அவள்தான் உருப்படியாக ஒன்று செய்தாள். ‘அடியில் மா, மேலே பழம், கலக்கக் கூடாது’ என்று நான் சொன்னதை வைத்துக்கொண்டு போனில் தேடினாள். “இந்தாங்க. கொப்லராம். ரொம்பச் சுலபமாம்” என்று நீட்டினாள்.

உண்மையிலேயே சுலபம்தான். ஒரு கப் கோதுமை மா, ஒரு கப் சீனி, ஒரு கப் பால், கொஞ்சம் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். தட்டில் பட்டரை உருக்கி, அதன்மேல் இந்தக் கரைசலை ஊற்ற வேண்டும். அதற்கும் மேல், சீனி போட்டுக் கொதிக்கவைத்த பழத்தைப் பரப்பிவிட வேண்டும். அவ்வளவுதான். எந்தக் கட்டத்திலும் கலக்கக் கூடாது. சூட்டில் பழம் தானாக அடியில் இறங்கும், மா தானாக மேலே ஏறிப் பொன்னிறமாகும்.

தானாக என்றால் எப்படி? எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த ஞாயிறு நாங்களே செய்து பார்த்தோம். நான் ‘அவன்’ அடுப்பின் கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.* இருபதாவது நிமிடம் பழத்துண்டுகளுக்கு நடுவே மா ஒரு குமிழி விட்டது. பிறகு இன்னொன்று. ஓரமெல்லாம் பொங்கி, பழம் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், கடைசியில் மேலே ஒரு மொறுமொறு மூடி வந்து நின்றது. ஐம்பத்தொரு வயதில் கை தட்டினேன், எனக்கு அதில் வெட்கமில்லை.

* ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததால் கோழிக்கறி அடிப்பிடித்தது. இதையும் எழுத வேண்டுமென்பது மனைவியின் உத்தரவு.

அவள்தான் மேலும் சொன்னாள்: “இங்க உள்ள யாருக்கும் இது தெரியாதுங்க. அந்தப் புள்ள வெளிநாட்டுல வீட்டு வேலைக்குப் போயிட்டு வந்திருக்கும். அங்க பழகினது.”

கதைக்கு அங்கேதான் கதவு திறந்தது.

3

சுதர்ஷினி என்று பெயர் வைக்கிறேன். வயது இருபத்தெட்டு. லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். நான்கு வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். இவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள், தனுஜா. இவள் போகும்போது தனுஜாவுக்கு மூன்று வயது, இப்போது ஏழு. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வைத்து வளர்த்தது சுதர்ஷினியின் அக்கா விஜயலெட்சுமி. புருஷனா? கொழும்பில் அவனுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது. வீட்டிலேயே அதிகம் இருந்தவனில்லை, கதையிலும் வேண்டாம்.

தனுஜா பெரியம்மாவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், அதில் குழப்பமில்லை. பெற்றவளை என்னவென்று கூப்பிடுவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. குவைத்திலிருந்து பேசிய காலத்தில் ‘போன் அம்மா’ என்றாள். ஆள் நேரில் வந்து நின்றதும் அதுவும் நின்றுபோனது. இப்போது ‘அவங்க’.

“பெரியம்மா, அவங்க சவுக்காரத்த எங்க வச்சாங்க?”

‘அவங்க’ ஓர் எட்டுத் தள்ளி நின்று துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே இப்படிக் கேட்டால் பெற்ற வயிறு எப்படியிருக்கும்?

லீவு மூன்று மாதம், அதில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஏஜென்சிக்காரர் போன் பண்ணினார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வருகிறாயா, இல்லை அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பவா? போனால் இன்னும் இரண்டு வருடம். திரும்பி வரும்போது தனுஜாவுக்கு ஒன்பது.

“கோயில்ல பூப்போட்டுப் பாரேன்டி” என்றாள் அக்கா.

சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி மாரியம்மனுக்கு முன்னால் போடுவார்கள். ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுவே அம்மன் வாக்கு. கலியாணம், காணி, வெளிநாட்டுப் பயணம், எல்லாவற்றுக்கும் தோட்டத்தில் இதுதான் வழக்கம்.

“எந்தப் புள்ளைய எடுக்கச் சொல்ற?” என்று கேட்டாள் சுதர்ஷினி. அக்கா தனுஜாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆகவே அவள் தானே ஒரு பூ கட்டினாள், யாரிடமும் சொல்லாமல். ஞாயிற்றுக்கிழமை கொப்லர் செய்வது. குவைத்துப் பிள்ளைகள் இரண்டும் சண்டை பிடித்துத் தின்னும் பண்டம், வெள்ளிக்கிழமை தோறும் அவள் கையால் செய்தது. தனுஜா தின்றுவிட்டு, அவளாகவே, தன்னிடமே, இன்னொரு துண்டு கேட்டால் போவதில்லை. கேட்காவிட்டால் இந்தப் பிள்ளைக்கு நான் தேவையில்லை, போய்விடுவேன்.

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. ஒருத்தி தன் வாழ்க்கையை ஒரு தட்டுப் பலகாரத்தில் கொண்டுபோய்க் கட்டுவாளா? கொஞ்சம் செயற்கையாக இல்லை? மனைவியிடம் கேட்டேன்.

“உங்களுக்கு மொனராகலைக்கு இடமாற்றம் வந்தப்ப என்னா செஞ்சீங்க?”

“என்ன செஞ்சேன்?”

“அடுத்து வாற பஸ் சிவப்பா இருந்தா போறேன்னீங்க. மூணு சிவப்பு பஸ் போச்சு. நாலாவது நீல பஸ் வந்ததும் வீட்டுக்கு வந்துட்டீங்க.”

சரி, செயற்கையாக இல்லை. மேலே போவோம்.

4

குவைத்தில் டின் பீச்சில் செய்வாள். டின்னைத் திறந்தால் வேலை முடிந்தது. லுணுகலையில் அதற்கு எங்கே போவது? சந்தையில் பண்டாரவளைப் பக்கத்துப் பேரிக்காய் குவிந்து கிடந்தது. கல் மாதிரி இருக்கும், பச்சையாகக் கடித்தால் தாடை வலிக்கும். ஆனால் தோலைச் சீவி, நடுக்கொட்டையை எடுத்து, சீனியும் ஒரு துண்டு கறுவாப்பட்டையும் போட்டு மெல்லிய நெருப்பில் வைத்தால் அரை மணித்தியாலத்தில் வழிக்கு வந்துவிடும்.

ஞாயிறு வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லை, விஜயலெட்சுமி வீட்டில் இருந்தாள். இவளை ஒரு பொல்லாதவளாக எழுதிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பிள்ளையைத் தன்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டவள், பொறாமைக்காரி, இப்படி. [விஜயலெட்சுமியின் கண்களில் ஒரு கள்ளச் சிரிப்பு] என்றுகூட எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. மலையேறிக் கொழுந்தெடுத்து, தங்கச்சி பிள்ளைக்குப் பேன் பார்த்து, காய்ச்சலில் தூக்கிச் சுமந்தவளை வைத்துக் கள்ளச் சிரிப்பு எழுத நான் யார்? அந்த வரியை வெட்டிவிட்டேன்.

அளக்கிற கப் இல்லை. அக்காவின் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தாள் சுதர்ஷினி.

“இது பெருசாச்சே?” என்றாள் அக்கா.

“எல்லாத்தையும் இதாலேயே அளந்தா சரியா வரும்கா.”

மா, சீனி, பால்மா கரைத்த பால். தனுஜா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

“பெரியம்மா, அவங்க பட்டர்மேல மாவ ஊத்துறாங்க.”

“ம்.”

“பெரியம்மா, அதுக்கு மேல காய போடுறாங்க. கலக்கவே இல்லயே?”

“எனக்கென்னா தெரியும்? அங்கயே கேளு.”

சுதர்ஷினி தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் பிள்ளை ஓடிவிடுவாள் என்று பயம். கதவுநிலையிலிருந்து இரண்டு எட்டு. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முகம் குனிந்தது.

“ஏன் கலக்கல?” கேள்வி தட்டைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது.

“கலக்கக் கூடாது. சூடு பட்டதும் பேரிக்காய் அடியில போயி ஒளிஞ்சிக்கும். மா மேல வந்துரும்.”

“யாரு தூக்கி விடுவா?”

“யாரும் இல்ல. தானா வரும்.”

“தானாவா?”

“தானா.”

தனுஜா தட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்துவந்தாள். “வந்ததும் நான் பாக்கணும்” என்றாள்.

வந்து இத்தனை நாளில் பிள்ளை சுதர்ஷினியிடம் வேண்டுமென்று கேட்ட முதல் விஷயம் அது. தட்டின்மேல் வாழை இலையைப் போட்டு, துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினாள். “நானும் வாறேன்” என்று தனுஜா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூட்டிப்போயிருப்பாள், இந்தக் கதையும் இல்லை.

5

லயத்தில் ஏது ‘அவன்’ அடுப்பு? தீபாவளி, நத்தார், பெருநாள் என்று வந்தால் ஊர்ச்சனம் முழுக்கக் கேக் தட்டோடு போய் நிற்பது ஸனூஸ் நானாவின் பேக்கரியில்தான்.* மத்தியானப் பாண் இறக்கிய பிறகு போறணையில் மிஞ்சுகிற சூடு கேக்குக்கு அளந்துவைத்த மாதிரி இருக்கும். நானா தட்டுகளை வரிசையாக உள்ளே தள்ளுவார், வெந்ததும் எடுப்பார்.

* பெயர் நான் வைத்தது. அவர் முகம் மட்டும் உண்மை.

அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. இருபத்தாறு வருடமாக அடுத்தவர் வீட்டுத் தட்டைச் சுட்டுக்கொடுக்கிற மனுஷன். சீனி கரையாமல் வந்த தட்டு, முட்டை சரியாக அடிக்காத தட்டு, புதுப்பெண் மாமியாருக்குப் பயந்து பாதியில் ஓடிவந்த தட்டு, எல்லாம் பார்த்தவர். யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. கரண்டியை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றிச் சரிபண்ணி வைத்துவிடுவார். அந்தப் பழக்கம்தான் இங்கேயும் வேலை செய்தது. இலையைத் தூக்கிப் பார்த்தார். “பாவம், புள்ளக்கி என்ன அவசரமோ” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பட்டர், மா, பேரிக்காய் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, அழகாகத் தட்டி மட்டப்படுத்தி உள்ளே தள்ளினார்.

யாராவது கலக்குவார்கள் என்று சுதர்ஷினிக்குத் தோன்றவேயில்லை. குவைத்தில் அந்த ‘அவன்’ அடுப்புக்குப் பக்கத்தில் அவளைத் தவிர வேறு ஆளில்லை.

அவள் அழுததை முன்பே சொல்லிவிட்டேன். நான் பஸ் ஏறிய பிறகு என்ன நடந்திருக்கும்?

“மன்னிச்சிக்கங்க தங்கச்சி. நாளைக்கிக் கொண்டுவாங்க, நானே பக்கத்தில நின்டு சுட்டுத் தாறேன்.”

“நாளைக்கு திங்கக்கிழமை நானா” என்றாள் அவள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பத்திரிகைத்தாளை இரண்டாக மடித்துச் சுற்றி, தட்டை அவளிடம் கொடுத்தார். மழையில் குடையைத் தட்டுக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

6

இனி முடிவு. கையில் இரண்டு இருக்கின்றன.

(அ) தனுஜா ஒரு வாய் தின்கிறாள். கண் விரிகிறது. “அம்மா!” என்று கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். இதை எழுதி முடித்ததும் எனக்கே அழுகை வந்தது, அதனாலேயே சந்தேகப்பட்டேன். நான்கு வருடம் ஒரு துண்டுப் பேரிக்காயில் சரியாகிவிடுமா? மனைவி படித்துவிட்டு, “சீனி கூடிப்போச்சு” என்றாள்.

(ஆ) தனுஜா துப்பிவிடுகிறாள். சுதர்ஷினி ஒரு வார்த்தை பேசாமல் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கிறாள். [பெட்டியின் சக்கரங்கள் அந்தச் சீமெந்துத் தரையில்] வேண்டாம், அந்தப் பிள்ளைமேல் இவ்வளவு பாரத்தை வைக்க எனக்கு மனமில்லை. அவள் கேட்டது ஒரு வேடிக்கை பார்க்க, அதற்குத் தண்டனையா?

இரண்டையும் கிழித்தாயிற்று. நடந்திருக்கும் என்று நான் நம்புவதை எழுதுகிறேன்.

விஜயலெட்சுமி கெட்டிக்காரி. தங்கச்சி நனைந்து வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததுமே, பானையை எடுத்துக்கொண்டு, “பீலிக்குப் போயித் தண்ணி புடிச்சிட்டு வாறேன்” என்று வெளியே போய்விட்டாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வீட்டில் தாயும் பிள்ளையும் தட்டும்.

தனுஜா தாளைப் பிரித்தாள். மேலேயும் பேரிக்காய், கீழேயும் பேரிக்காய். குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள்.

“ஒளியலயே?”

“இல்ல. பேக்கரி நானா கலக்கிட்டாரு.”

“அவருக்குத் தெரியாதா?”

“தெரியாது. நான் சொல்ல மறந்துட்டேன்.”

“எனக்குச் சொன்னீங்க” என்றாள் தனுஜா. குறையாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்று கடைக்காரருக்குத் தெரியாமல் போனதில் அவளுக்கு ஒரு பெருமை.

சின்னத் தட்டில் வாங்கி முதல் துண்டைத் தின்றாள். கரண்டியால் பேரிக்காயைத் தனியாகத் தோண்டி முதலில், மாவைப் பிறகு. சுதர்ஷினி எதிரில் உட்கார்ந்து அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் மடியில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

“அங்க உள்ள புள்ளைங்க எத்தன துண்டு தின்னும்?”

“ரெண்டு. சில நாள் மூணு.”

“கலக்கலயா அங்க?”

“இல்ல. தானா மேல வரும்.”

“அவங்க பாத்தாங்களா, வாறத?”

சுதர்ஷினி யோசித்தாள். “இல்ல கண்ணு. அவங்களுக்கு அதுல விருப்பம் இல்ல. நான் மட்டும்தான் பாப்பேன்.”

தனுஜா இதைக் கொஞ்ச நேரம் மென்றாள். தட்டை வழித்தாள். சின்னத் தட்டை நேராக சுதர்ஷினியிடம் நீட்டினாள்.

“இன்னொரு துண்டு தாங்க.”

சுதர்ஷினி கத்தியை எடுத்தாள். பிள்ளை கேட்டுவிட்டாள், அவளாகவே கேட்டுவிட்டாள்.

“பெரியம்மாவுக்கு” என்றாள் தனுஜா.

7

இப்போது சொல்லுங்கள், இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேட்டாள், அவளாகவே கேட்டாள், பெற்றவளிடமே கேட்டாள். பூ விழுந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் தனக்காகக் கேட்கவில்லையே. தனக்குப் பிடித்ததும் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது பீலியில் நிற்கிற பெரியம்மா. அதைப் பார்த்தால் பூ விழவில்லை. எனக்கும் மனைவிக்கும் இதில் இரண்டு நாள் சண்டை. அவள் “விழுந்திருச்சு” என்கிறாள். நான் “இல்லை” என்கிறேன். இடையில் என் கட்சி மாறியது, அவளுடையதும் மாறியது, சண்டை மட்டும் அப்படியே இருந்தது.

சுதர்ஷினி சண்டை போடவில்லை. பெரிய துண்டாகவே வெட்டினாள். பேரிக்காய் நிறைய இருந்த மூலை அது.

“உனக்கு?” என்று கேட்டாள்.

“எனக்கு வந்த பொறகு. பீலியில குடுத்துட்டு ஓடி வந்துருவேன்.”

தனுஜா தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க இருப்பீங்கதானே?”

அவள் கேட்டது பெரிய தட்டுக்குக் காவலைத்தான். நாய் வந்துவிடும், காக்கா வந்துவிடும். அவளுக்கு ஏஜென்சியும் தெரியாது, திங்கட்கிழமையும் தெரியாது.

இந்த இடத்தில் மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். “இருப்பேன்” என்று எழுதினேன். அந்த வார்த்தையை அவள் வாயில் வைக்க எனக்கென்ன உரிமை என்று வெட்டினேன். “நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா” என்று எழுதினேன். நழுவுகிற பேச்சு அது, வெட்டினேன். ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டவைத்தேன். “எந்தப் பக்கமா ஆட்டுனா?” என்று மனைவி கேட்டாள், அதையும் வெட்டினேன்.

பிள்ளை இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். தட்டு கனக்கிறது போலும், தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறாள். பதில் கிடைக்காமல் அவள் நகரமாட்டாள். “வந்துருவேன், வந்துருவேன்” என்று நான்கு வருடம் போனில் கேட்டு வளர்ந்தவள்.

என்னால் முடியவில்லை, நீங்களாவது அவளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள். ஆனால் பார்த்துச் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அவள் நம்பிவிடுவாள்.